சுவாச மண்டலம்: நாம் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

"காற்று உள்ளே போவதால் நுரையீரல் விரிகிறது." பதினொன்றாம் வகுப்பு விடைத்தாளிலும் சரி, நர்சிங் முதலாண்டு விடைத்தாளிலும் சரி, இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். காரணமும் விளைவும் இதில் இடம் மாறிவிட்டன. முதலில் மார்புக்கூடு விரிகிறது. அதோடு சேர்ந்து நுரையீரல் விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்புறம்தான் காற்று வருகிறது. மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, காற்றை ஆக்சிஜனாக மட்டும் பார்த்து அழுத்தத்தை மறந்துவிடுவதால் வருபவை என்பது என் எண்ணம்.

நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அந்த வேலையை உதரவிதானமும் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடு) விலா எலும்புகளுக்கு இடையே உள்ள வெளி விலாவிடைத் தசைகளும் செய்கின்றன. உதரவிதானம் சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். "சுருங்கினால் மேலே போகும்" என்று எழுதுகிறவர்கள் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து மூச்சை இழுத்துப் பார்க்கலாம். உதரவிதானம் குடலைக் கீழே அழுத்துவதால் வயிறு உப்பும். நுரையீரல் மார்புச் சுவரை விட்டு விலகாமல் கூடவே நகர்வதற்குக் காரணம், நுரையீரலையும் மார்புச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் இரண்டு ப்ளூரா உறைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய திரவமும், அங்கே வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும் அழுத்தமும்தான். விபத்தில் மார்பு துளைபட்டு அந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால், நுரையீரலில் ஓட்டை இல்லாவிட்டாலும் அது சுருங்கிப்போகும்.

வெளிமூச்சுக்கும் தசை சுருங்க வேண்டும் என்று எழுதுவது இன்னொரு தவறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. உள்மூச்சுத் தசைகள் தளர்ந்தால் போதும், நுரையீரல் தன் மீள்தன்மையால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஓடும்போதும் இருமும்போதும்தான் உள் விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் உதவிக்கு வருகின்றன. ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவது ஏன் கடினம் என்பதும் இங்கேதான் புரியும். வெளிமூச்சின்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே சுருங்கிய சிறு மூச்சுக்குழல்கள் இன்னும் நெருக்கப்படுகின்றன. வீசிங் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்பது அதனால்தான்.

அடுத்த தவறு உயிருக்கே ஆபத்தானது. ஆக்சிஜன் குறைவதால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது என்று பலரும் நம்புகிறோம். சாதாரண நிலையில் மூச்சு விடும் வேகத்தை முடிவு செய்வது கார்பன் டை ஆக்சைடு. உடலியல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். தமனி இரத்தத்தில் அதன் பகுதி அழுத்தம், அதாவது அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம், 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கிறது. அது கொஞ்சம் ஏறினாலே மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள வேதி உணர்விகள் மூச்சை வேகப்படுத்திவிடும். ஆக்சிஜனோ கிட்டத்தட்ட 60 மி.மீ. வரை இறங்கினால்தான் கழுத்துத் தமனி அருகே உள்ள உணர்விகள் பலமாகக் குரல் கொடுக்கும்.

நீச்சல் குளத்திலோ கிணற்றிலோ அதிக நேரம் தம் கட்டுவதற்காக, முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு விடுகிற பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அப்படிச் செய்தால் ஆக்சிஜன் சேராது. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிவிடுகிறது. விளைவு, எச்சரிக்கை மணியை நாமே கழற்றி வைத்துவிட்டு நீருக்குள் போகிறோம். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை விடுகிறோம்" என்ற வாக்கியம் சின்ன வகுப்பில் சரி. மேல் வகுப்புக்கு அது போதாது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், வெளியே வரும் காற்றில் சுமார் 16 சதவீதம். வாயோடு வாய் வைத்து ஊதி உயிரைக் காப்பாற்ற முடிவது இந்த மிச்சத்தால்தான். நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தமும் வெறுமையாக வருவதில்லை. ஓய்வு நிலையில் அது இன்னும் 75 சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியபடியே வருகிறது. பாடப்புத்தகப் படத்தில் நீலம் பூசியிருப்பது அடையாளத்துக்காக. உண்மையில் அது கருஞ்சிவப்பு.

சதவீதத்தையும் பகுதி அழுத்தத்தையும் ஒன்றாக நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. "மலை உச்சியில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு" என்பது தவறு. எவரெஸ்ட் உச்சியிலும் அது அதே 21 சதவீதம்தான். 1981-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு அங்கே அளந்த காற்றழுத்தம் 253 மி.மீ. பாதரசம்; கடல் மட்டத்தில் 760. மொத்த அழுத்தம் மூன்றில் ஒன்றாகும்போது ஆக்சிஜனைக் காற்று நுண்ணறையிலிருந்து (நுரையீரலின் நுனியில் உள்ள நுண்ணிய காற்றுப்பை) இரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தமும் அதற்கேற்பச் சரிகிறது.

கணக்கில் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு மூச்சில் 500 மி.லி. இழுத்தால் அத்தனையும் பயன்படும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்கும் தண்ணீர் தொட்டிக்குச் சேராததுபோல, சுமார் 150 மி.லி. காற்று மூக்கு, மூச்சுக்குழாய், கிளைக்குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை 500 மி.லி. இழுத்தால் நுண்ணறைக்குச் சேர்வது 4,200 மி.லி. அதையே 24 முறை 250 மி.லி.யாக இழுத்தால் மொத்தம் அதே 6,000 மி.லி., ஆனால் போய்ச் சேர்வது 2,400 மட்டும். மேலோட்டமாக வேகமாக மூச்சு விடும் நோயாளியைப் பார்த்து "நல்லாத்தான் மூச்சு விடுகிறார்" என்று விட்டுவிடக் கூடாது.

சின்னச் சின்னத் தவறுகள் சில. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். இதயத்திலிருந்து வெளியே போவதால் அது தமனி. எஞ்சிய கொள்ளளவை, அதாவது முழுமூச்சையும் விட்ட பின்னும் தங்கும் சுமார் 1,200 மி.லி.யை, ஊதும் காற்றை அளக்கும் கருவியான சாதாரண ஸ்பைரோமீட்டரில் அளக்க முடியாது. உயிர்ப்புத்திறனில், அதாவது முழுமூச்சை இழுத்து முழுவதும் விடும் காற்றின் அளவில், அதைச் சேர்த்து எழுதாதீர்கள். கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 70 சதவீதம் பைகார்பனேட்டாகப் பயணிக்கிறது, ஹீமோகுளோபினில் அல்ல. வலது முதன்மைக் கிளைக்குழாய் அகலமானது, செங்குத்தானது. குழந்தைக்குப் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போன வேர்க்கடலை பெரும்பாலும் அங்கேதான் போய் அடைக்கும்.

கடைசியாக, கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அதில் 98 என்று வந்துவிட்டால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறோம். அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. ஆக்சிஜன் கொடுக்கப்படும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) நோயாளிக்கு எண் நன்றாக இருக்கும்போதே கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கம் வரலாம். பூட்டிய அறையில் ஜெனரேட்டர் புகையோ அடுப்புக்கரிப் புகையோ சூழ்ந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பெரும்பாலான விரல் கருவிகள் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் ஆளை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் என்ன எண் வருகிறது என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.