வால்யூமைக் கழற்றுமுன் உள்ளே அன்மவுன்ட்

கிளவுடில் ஓடும் விர்ச்சுவல் மெஷினிலிருந்து ஒரு வால்யூமை (அதில் இணைத்த டிஸ்கை) எடுக்கும்போது கன்சோலுக்கு, அதாவது கிளவுட் நிர்வாகப் பக்கத்துக்கு, நேராகப் போகாதீர்கள். முதலில் லினக்ஸுக்குள் நுழைந்து அன்மவுன்ட் செய்யுங்கள் (லினக்ஸ் அந்த டிஸ்கைப் பயன்படுத்துவதை நிறுத்துவது), மெஷின் தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அதற்குரிய வரியையும் நீக்குங்கள். அதன்பின் கன்சோலில் டிடாச், அதாவது கழற்றல்.

லினக்ஸ் எழுதும் தரவு கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே தங்கும். அன்மவுன்ட் செய்தால் முழுவதும் டிஸ்கில் இறங்கிவிடும். எஃப்எஸ்டேப் வரியை விட்டுவைத்தால், அதில் ‘நோஃபெயில்’ (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் குறிப்பு) போடாதிருந்தால், அடுத்த ரீபூட்டில் மெஷின் இல்லாத டிஸ்கைத் தேடி எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அன்மவுன்ட் செய்ய ‘பிஸி’ என்று மறுத்தால், கட்டாயமாகக் கழற்றும் ஃபோர்ஸ் டிடாச் பக்கம் போகவே வேண்டாம். எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை காட்டும், அதை நிறுத்துங்கள்.

டர்பனில் ரேண்டில் சம்பாதித்து டாலர் கணக்கில் கிளவுட் பில் பார்க்கும் நமக்கு இன்னொன்று: 2020-இல் வந்த அமேசானின் கேப் டவுன் ரீஜனிலும் சரி, கழற்றிய இபிஎஸ் (அமேசானின் டிஸ்க் சேவை) வால்யூமுக்குக் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) எடுத்து, அது முடிந்ததும் வால்யூமை டெலீட் செய்யுங்கள்.

இயங்குதளமே இருக்கும் ரூட் வால்யூமுக்கு இந்த அன்மவுன்ட் வழி ஒத்துவராது. மெஷினையே நிறுத்தியாக வேண்டும். விண்டோஸ் என்றால் அன்மவுன்டுக்குப் பதில் டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘ஆஃப்லைன்’ போடுங்கள்.