விரலில் நீல நாடா, சுவரில் திரை

உடம்பில் அணிந்து, சுவரில் படம் காட்டி, அதை விரலசைவால் இயக்கும் கருவியொன்றை நாமே செய்யலாம். 2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக மீடியா லாப்பில் இருந்த பிரணவ் மிஸ்ரியின் சிக்ஸ்த் சென்ஸ் கருவிக்கு இது ஒரு எளிய வடிவம். கமரா, சின்னப் புறொஜெக்டர், றாஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, பவர் பாங்க்: சாமான் இவ்வளவுதான். பவர் பாங்க் 5 வோல்ட்டில் 3 அம்பியர் தரவேணும். குறைந்தால் றாஸ்பெரி பை இடையில் அணைந்து எழும்பும்.

கமரா விரல்நுனியை அதில் சுற்றிய நிறத்தைக் கொண்டுதான் பிடிக்கும். வில்லங்கமும் அந்த நிறத்தில்தான். மூலக்கருவியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு விரல்நிறங்கள். வன்னியில் வெளியே இறங்கினால் கிறவல் றோட்டுச் செம்மண்ணையும் கமரா சிவப்பு விரலென்று பிடிக்கும். காலபோக வயல் பச்சையை விழுங்கிவிடும். ஆகவே சுட்டுவிரல் நுனியில் நீலத் துணிநாடா சுற்றுங்கள். பளபளக்கும் இன்சுலேஷன் ரேப் வேண்டாம், வெளிச்சம் பட்டால் வெள்ளையாகத் தெரியும். ஓப்பன்சிவி என்ற படம் அலசும் மென்பொருளில், படத்தை எச்.எஸ்.வி.க்கு (நிறம், செறிவு, வெளிச்சம் எனப் பிரிக்கும் முறைக்கு) மாற்றி, நிறத்தை 100–130, செறிவை 120க்கு மேல் வைத்துத் தொடங்குங்கள்.

கமராவையும் புறொஜெக்டரையும் ஒரே தகட்டில் இறுக்குங்கள். பிறகு படத்தின் நான்கு மூலைகளையும் விரலால் தொட்டுக் காட்டி அளவு பொருத்துங்கள். ஒன்று ஆடினாலும் திரும்பப் பொருத்தவேணும்.

வெயிலில் படம் தெரியாது. பொழுதுபட்டபின் வெள்ளையடித்த சுவரில், ஒரு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். றாஸ்பெரி பையைச் சட்டைக்குள் மறைக்காதீர்கள்: 80 பாகை செல்சியஸை எட்டினால் வேகத்தைத் தானே குறைத்துவிடும், விரலுக்குப் பின்னால் படம் இழுபடும்.