வீட்டில கூப்பிடுற பேரையே போன் ஸ்கிரீன்ல போடுவம்: ஐகொனும் லேபலும் மாத்துறது எப்படி?

வீட்டில அம்மாவோ அம்மம்மாவோ போனை நீட்டி "இதில வீடியோ கோல் எது பிள்ள?" எண்டு கேட்டிருப்பினம். ஸ்கிரீனைப் பாத்தா பச்சைக் கலர்ல மூண்டு ஐகொன், நீலத்தில நாலஞ்சு, கீழ பொடி எழுத்தில இங்கிலீஷ் பேர், அதுவும் பாதியில வெட்டுப்பட்டுப் புள்ளி புள்ளியா நிக்கும். அவைக்கு மறதி எண்டு சொல்லுறது சரியில்லை, அந்த ஸ்கிரீனை அவைக்கெண்டு ஒருத்தரும் ஒழுங்கு பண்ணிக் குடுக்கேல்லை, அவ்வளவுதான். இதுக்குப் போனை ரூட் பண்ண, அதாவது போனின்ர உள் சிஸ்டத்தில கை வைக்கத் தேவையில்லை, காசும் தேவையில்லை.

தொடங்க முதல் ஒரு விசயம். ஸ்கிரீன்ல தெரியிற படத்தையும் பேரையும் காட்டுறது லோஞ்சர் எண்ட ஒரு அப்தான். அதில என்ன மாத்தினாலும் உள்ள இருக்கிற வட்ஸ்அப் மெசேஜோ போட்டோவோ ஒண்டும் அழியாது, அதால பயப்பிடாம கை வைக்கலாம். அதோட ஐகொனை அமத்திப் பிடிச்சா வாற மெனுவில ரிமூவ் எண்டது ஸ்கிரீன்ல இருந்து எடுக்கிறது மட்டும், அன்இன்ஸ்டோல் எண்டதுதான் அப்பையே போனில இருந்து தூக்குறது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

அண்ட்ரொயிட் போன் எண்டா முதல்ல உங்கட போனில வந்த லோஞ்சரையே பாருங்கோ. ஐகொனை அமத்திப் பிடிக்கேக்க எடிட் எண்டு வந்தா வேலை லேசு. சாம்சங்கில தீம் போட்டு எல்லா ஐகொனையும் ஒரே தரத்தில மாத்தலாமே தவிர, ஒவ்வொரு அப்புக்கும் தனித்தனியாப் பேர் வைக்கிற வசதி போனோட வாற லோஞ்சரில வராது. அப்படியெண்டா பிளே ஸ்டோர்ல நோவா லோஞ்சரை இறக்குங்கோ, நாங்கள் செய்யப்போற வேலைக்கு இலவசமா வாறதே போதும். இன்ஸ்டோல் பண்ணினாப் பிறகு செட்டிங்ஸ், அப்ஸ், டிபோல்ட் அப்ஸ், ஹோம் அப் எண்டு வரிசையாப் போய் நோவாவைத் தெரிவு செய்யுங்கோ. ஸ்கிரீன் வெறுமையா வரும், பழசு எல்லாம் போச்சோ எண்டு நெஞ்சு திக்கெண்டும், ஒண்டும் போகேல்லை, கீழ இருந்து மேல தள்ளினா எல்லா அப்பும் அங்க இருக்கும்.

அங்க இருந்து அவை உண்மையாப் பாவிக்கிற அப்பை மட்டும் ஸ்கிரீனுக்கு இழுத்துப் போடுங்கோ. முதல் பக்கத்தில ஏழு எட்டுக்கு மேல வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். பிறகு நோவா செட்டிங்ஸ்ல ஹோம் ஸ்கிரீனுக்குள்ள போய் கட்டங்களை நாலுக்கு நாலு ஆக்கி, ஐகொன் சைஸையும் லேபல் எழுத்தையும் கூட்டி விடுங்கோ, கண்ணாடி போடாமலே வாசிக்கிற அளவுக்கு வரவேணும்.

இப்ப பேர் மாத்துற வேலை. ஓட்டோவும் காரும் கூப்பிடுற பிக்மி அப்பை எடுப்பம், கொழும்பில அது இல்லாத போனைக் காணுறது கஷ்டம். ஐகொனை அமத்திப் பிடியுங்கோ, சின்னப் பெட்டி ஒண்டு வரும், அதில எடிட்டைத் தட்டினா ஒரு பக்கம் படமும் மற்றப்பக்கம் பேரும் இருக்கும். பேரை அழிச்சிட்டு "ஓட்டோ" எண்டு தமிழ்ல அடிச்சு டன் குடுங்கோ, அவ்வளவுதான். யூடியூப்புக்கு "பாட்டு", கமராவுக்கு "படம் எடுக்க", கலரிக்கு "பழைய படங்கள்". எங்கட அம்மம்மா கந்தசஷ்டி கவசம் கேக்கத்தான் யூடியூப்புக்குப் போறவ, அவவின்ர போனில அது "கவசம்" எண்டே இருக்கு. பேர் வைக்கப்போற ஆளிட்டயே "இதை நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?" எண்டு கேட்டு, அவை சொன்னதை அப்படியே அடியுங்கோ, நாங்களா ஒரு நல்ல தமிழ்ப்பேர் யோசிச்சு வச்சா அதையும் அவை புதுசாப் பாடமாக்க வேண்டி வரும். பேர் ஒரு சொல், மிஞ்சினா ரெண்டு சொல், அதுக்கு மேல போனா திரும்ப வெட்டுப்படும்.

படம் மாத்த அதே எடிட் பெட்டியில இடப்பக்கம் இருக்கிற ஐகொனைத் தட்டினா எங்க இருந்து எடுக்கிறது எண்டு கேக்கும், கலரியைத் தெரிவு செய்தா உங்கட போட்டோவையே போடலாம். இதில கொஞ்சம் கவனம் எடுக்கவேணும், ஏனெண்டா விரல் நகம் அளவு இடத்தில ஒரு பொருள்தான் தெளிவாத் தெரியும். வெள்ளவத்தை ஸ்டேசன் ரோட்டில நிக்கிற சிவப்பு ஓட்டோவைப் படம் எடுக்கிறதெண்டா பக்கவாட்டில, பின்னால கடை போர்ட் ஒண்டும் வராம, ஓட்டோ மட்டும் தெரியிற மாதிரி எடுங்கோ. எடுத்திட்டு கலரி எடிட்டில சதுரமா வெட்டுங்கோ, 512க்கு 512 பிக்சல் இருந்தாலே தாராளம். 2017ல வந்த அண்ட்ரொயிட் 8ல இருந்து ஐகொன்களை வட்டமாயோ மூலை மழுங்கின சதுரமாயோ காட்டுற வழக்கம் வந்திட்டுது, அதால ஓரத்தில இருக்கிறது வெட்டுப்படலாம், முக்கியமானதை நடுவில வையுங்கோ. ஆக்களின்ர முகம் எண்டா தலைமயிரில இருந்து நாடி வரைக்கும் போதும், கலியாண வீட்டு குரூப் போட்டோ சரிவராது.

என்னைக் கேட்டா இதெல்லாத்திலயும் பெரிய உதவி ஆக்களையே ஐகொன் ஆக்கிறதுதான். வட்ஸ்அப்பில கனடா மாமாவோட மெசேஜ் பண்ணுற சட் பக்கத்தைத் திறந்து, மேல இருக்கிற மூண்டு புள்ளியைத் தட்டி, மோர், அட் ஷோர்ட்கட் எண்டு குடுங்கோ. அவரின்ர புரொபைல் படத்தோட ஒரு ஐகொன் ஸ்கிரீனுக்கு வரும், தட்டினா நேர அந்தச் சட், லிஸ்ட்ல தேடி அலையத் தேவையில்லை. மாமா புரொபைல்ல பூவோ சாமிப்படமோ போட்டிருந்தா முதல் சொன்ன மாதிரி எடிட்டுக்குள்ள போய் அவரின்ர முகத்தையே போடலாம்.

இன்னொண்டும் கட்டாயம் போட்டு விடுங்கோ, 1990. 2016ல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் தொடங்கி இப்ப நாடு முழுக்க ஓடுற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் நம்பர் அது. முதல்ல அதை ஒரு கொன்டக்டா சேவ் பண்ணுங்கோ, பிறகு ஸ்கிரீன்ல வெறும் இடத்தை அமத்திப் பிடிச்சு, விட்ஜெட்ஸ், கொன்டக்ட்ஸ், டிரெக்ட் டயல் எண்டு போய் அந்த நம்பரைத் தெரிவு செய்யுங்கோ. ஒரு தட்டில கோல் போயிடும், அதாலதான் பெருவிரல் அடிக்கடி படுற கீழ்ப்பக்கத்தில இதை வைக்கக்கூடாது, மேல் மூலையில தனிய நிக்கட்டும்.

பாங்க் அப்புகளின்ர ஐகொனை மட்டும் மாத்தாம விடுங்கோ. உண்மையான லோகோ கண்ணுக்குப் பழகியிருந்தாத்தான் போலி ஒண்டு வந்தா வித்தியாசம் பிடிபடும். எல்லா அப்புக்கும் புது ஐகொன் படங்களைத் தொகுப்பாத் தாற ஐகொன் பக் எண்டு ஆயிரக்கணக்கில கிடக்குது, வடிவானதும் இருக்கு, ஆனா ஐகொன் பக் ஒண்டு எஸ்எம்எஸ் வாசிக்கவும் கொன்டக்ட் பாக்கவும் பெர்மிசன் கேட்டா அதே இடத்தில அழிச்சு விடுங்கோ, படம் காட்டுறதுக்கு அதெல்லாம் எதுக்கு?

ஐபோன்காரருக்கு வழி வேற. ஷோர்ட்கட்ஸ் அப்பைத் திறந்து, பிளஸ்ஸைத் தட்டி, ஓபன் அப் எண்ட அக்சனைத் தேடிப் போட்டு எந்த அப் எண்டு தெரிவு செய்யுங்கோ. பிறகு அட் டு ஹோம் ஸ்கிரீன் குடுத்தா பேரும் படமும் உங்கட விருப்பத்துக்கு வைக்கலாம். 2020ல ஐஓஎஸ் 14 வந்த நேரம் உலகம் முழுக்க ஆக்கள் ஸ்கிரீனைச் சோடிச்சது இந்த வழியாலதான். இதில ஒரு குறை இருக்கு, இப்படிச் செய்த ஐகொன்ல புது மெசேஜ் வந்ததைக் காட்டுற சிவப்பு நம்பர் வராது, அதால வட்ஸ்அப்புக்கும் வைபருக்கும் இதைச் செய்யாம பாட்டு, கமரா மாதிரியானதுக்கு மட்டும் வச்சுக்கொள்ளுங்கோ. ஐஓஎஸ் 18ல இருந்து ஐகொனைப் பெரிசாக்கிற வசதியும் இருக்கு, ஆனா அப்படிப் பெரிசாக்கினா கீழ இருக்கிற பேர் எல்லாம் மறைஞ்சிடும்.

எல்லாம் முடிஞ்சதும் நோவா செட்டிங்ஸ்ல மேல இருக்கிற தேடுற இடத்தில லொக் எண்டு அடிச்சு ஸ்கிரீனைப் பூட்டி விடுங்கோ, இல்லாட்டி விரல் பட்டு ஐகொன் இடம் மாறும், காணேல்லை எண்டு திரும்ப உங்களுக்குத்தான் கோல் வரும். அதே செட்டிங்ஸ்ல பக்கப் எண்டு இருக்கிறதை எடுத்து ஒரு கொப்பியை உங்கட போனுக்கு அனுப்பி வையுங்கோ. அவைக்குப் பிடிக்கேல்லை எண்டா ஹோம் அப்பில பழைய லோஞ்சரைத் தெரிவு செய்தாப் போதும், முதல் இருந்த ஸ்கிரீன் அப்படியே வரும்.