கனெக்‌ஷன் டெஸ்ட் பாஸ், குவெரி ஃபெயில்

நாள்கணக்கில் இழுத்தடித்தது, ஒருவழியாகத் தீர்ந்தது. ஏஐ ஏஜென்ட்டுக்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இணைப்புச் சோதனைக் கருவி 'இணைப்பு சரி' என்றது. அதே விவரங்களோடு ஏஜென்ட் குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) ஓட்டினால் ஹோஸ்ட் பெயர், அதாவது சர்வரின் பெயர், கிடைக்கவில்லை என்று பிழை. டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் அமைப்பு), ஃபயர்வால், போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட் எதிலும் கோளாறில்லை.

பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஹோஸ்ட் பெயருக்கு முன்னால் பாஸ்வேர்டின் வால் ஒட்டியிருந்தது! பாஸ்வேர்டுக்குள் ஒரு @. கருவி ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாக வாங்குகிறது. ஏஜென்ட்டோ எல்லாவற்றையும் ஒரே யூஆர்எல்லாகக் கோக்கிறது. போஸ்ட்கிரெஸ், முதல் @ வந்ததுமே பாஸ்வேர்டு முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது.

@-க்குப் பதில் %40 போட்டதும் (இதுதான் பெர்சென்ட் என்கோடிங்) இணைந்தது. அடுத்த உரையாடலில் ஏஜென்ட்டுக்கு இது நினைவிருக்காதே. அதனால் கருவியின் விளக்கத்திலேயே (ஏஜென்ட் படிப்பது அதைத்தானே, ரீட்மீ கோப்பையா படிக்கிறது?) 'யூஆர்எல்லில் பாஸ்வேர்டை பெர்சென்ட் என்கோடிங் செய்து கொடு' என்று எழுதி, ஓர் உதாரணமும் சேர்த்தேன்.