உட்காருகிறாரா, எழுந்திருக்கிறாரா? வீடியோவில் செயலைக் கண்டறியும் முதல் பயிற்சி

பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒருவர் பாதி குனிந்திருக்கும் போட்டோ ஒன்றைப் பாருங்கள். உட்காரப் போகிறாரா, எழுந்து கிளம்புகிறாரா? நம்மாலேயே சொல்ல முடியாது. முன்னும் பின்னும் உள்ள சில நொடிகளைப் பார்த்தால்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கும் அந்த நொடிகளைத்தான் நாம் கொடுக்கப் போகிறோம். அதனால்தான் முதல் பயிற்சிக்கு இந்த இரண்டு செயல்களையே எடுத்திருக்கிறேன்; கையசைப்பதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீடியோ. போன் போதும். பத்து நண்பர்கள், ஒவ்வொருவரும் மூன்று செயல்களையும் ஐந்தாறு முறை செய்யட்டும். கடற்கரை, மொட்டை மாடி, வீட்டுக் கூடம் என்று இடம் மாற்றி எடுங்கள். படமெடுக்க அனுமதி கேளுங்கள்; கடற்கரையில் பின்னால் நடந்து போகிறவர்களின் முகம் விழாத கோணமாகப் பாருங்கள். பிறகு ஒரு செயலுக்கு ஒரு துண்டு என்று இரண்டு, மூன்று நொடிகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த படியில் அவசரப்படாதீர்கள். மாடலுக்கு (வீடியோக்களைப் பார்த்துக் கற்கும் நிரல்) பயிற்சி கொடுக்க ஏழு பேர், அதைச் சோதிக்க மூன்று பேர் என்று ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் போகவே கூடாது. 101 செயல்களும் 13,320 துண்டுகளும் கொண்ட, ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் யுசிஎஃப்101 வீடியோ தொகுப்பிலும் இதே கட்டுப்பாடு உண்டு: ஒரே குழுவைச் சேர்ந்த (பின்னணி போன்றவை ஒத்திருக்கக்கூடிய) துண்டுகள் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். நான் முதல் தடவை கலந்துவிட்டேன். போதாததற்கு, உட்காருவதை எல்லாம் மணலிலும் எழுவதை எல்லாம் வீட்டிலும் எடுத்திருந்தேன். மதிப்பெண் பிரமாதமாக வந்தது. மாடல் கற்றுக்கொண்டது மணலை!

இனி கோலாபைத் (பிரவுசரிலேயே பைதான் நிரல் ஓட்ட உதவும் கூகுள் சேவை) திறந்து, பைதார்ச் என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளின் டார்ச்விஷன் நூலகத்திலிருந்து ஆர்3டி-18 மாடலை இறக்குங்கள். கைனெட்டிக்ஸ்-400 என்ற வீடியோ தொகுப்பில் 400 செயல்களை ஏற்கெனவே படித்த மாடல் இது. நீள அகலத்தோடு நேரத்தையும் சேர்த்தே பார்க்கும். மாடல் அடுக்கடுக்காகக் கணக்கிடும்; அதில் விடை சொல்லும் கடைசி அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று விடை தரும் புது அடுக்கை வையுங்கள்.

உள்ளே போவது 16 ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்), ஒவ்வொன்றும் 112க்கு 112 பிக்சல். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள வீடியோவில் தொடர்ச்சியாக 16 எடுத்தால் அரை நொடிதான் கிடைக்கும். அதற்குள் யாரும் உட்கார்ந்து முடிப்பதில்லை. நான்கு ஃபிரேமுக்கு ஒன்று எடுங்கள், இரண்டு நொடி கிடைக்கும்.

முதலில் புது அடுக்குக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். சோதனை மதிப்பெண் ஏறாமல் நின்றுவிட்டால், அதற்கு முந்தைய அடுக்குகளின் தொகுதியையும் பயிற்சிக்குத் திறந்து, கற்றல் வேகத்தை (ஒவ்வொரு முறையும் மாடல் தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவு) குறைத்துத் தொடருங்கள். துண்டுகளை இடவலமாகத் திருப்பிச் சேர்க்கலாம், லேபிள் (துண்டில் உள்ள செயலின் பெயர்) மாறாது.

மதிப்பெண் நன்றாக வந்ததும், சோதனைப் பக்கத்திலிருந்து உட்காரும் துண்டு ஒன்றை எடுத்து ஃபிரேம்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கிக் கொடுங்கள். ‘எழுந்திருக்கிறார்’ என்று விடை வந்தால் மாடல் அசைவைப் பார்க்கிறது. பழைய விடையே வந்தால், மறுபடி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.