பிரெஞ்சு இலக்கியத்தில் பாலியல்பு ஆய்வு: பல்கலைக்கழக வேலைக்குத் தயாராகும் வழி

பாலியல்பு (பாலினம், பால் ஈர்ப்பு, காமம்) ஆய்வுக்கென்றே வேலை அறிவிப்பு வருவது அபூர்வம். பிரெஞ்சுத் துறைகள் பெரும்பாலும் இன்ன நூற்றாண்டு இலக்கியத்துக்கு என்றுதான் ஆள் எடுக்கின்றன. அதனால் முதலில் ஒரு நூற்றாண்டைப் பிடியுங்கள். பாலியல்பு நீங்கள் அதைப் படிக்கும் கோணமாக இருக்கட்டும். பிரான்சில் இது இன்னும் கறார். மெத்ர் த கோன்ஃபெரான்ஸ் என்ற நிரந்தர விரிவுரையாளர் பணிக்குப் போட்டியிட, வழக்கமாக தேசியப் பல்கலைக்கழக மன்றத்தின் தகுதிச் சான்று வேண்டும். அங்கே பிரெஞ்சு மொழிக்கும் இலக்கியத்துக்கும் 9ஆம் பிரிவு, ஒப்பிலக்கியத்துக்கு 10ஆம் பிரிவு. பாலின ஆய்வுக்குத் தனிப் பிரிவே இல்லை. கோட்பாடு பெருத்து நூல் வாசிப்பு மெலிந்த ஆய்வேடு இரண்டு பிரிவிலும் அந்நியமாகிவிடும்.

'பிரெஞ்சு நாவலில் காமம்' என்பது தலைப்பல்ல, கடல். 1857இல் நாவலாசிரியர் ஃப்ளோபேர், கவிஞர் போத்லேர் இருவர் மீதும், எழுத்து ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று வழக்கு. இரண்டிலும் அரசு வழக்கறிஞர் எர்னெஸ்த் பினார்தான். முன்னவர் விடுதலையானார். பின்னவருக்கு அபராதம், ஆறு கவிதைகள் நீக்கம். அந்தத் தீர்ப்பு ரத்தாக 1949 வரை ஆனது. உரைநடை தப்பியது, கவிதை ஏன் மாட்டியது? மூன்று ஆண்டு முனைவர் ஒப்பந்தத்துக்கு இந்த அளவுக் கேள்வி போதும்.

அடிக்கடி நேரும் பிழை காலமயக்கம். 'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல் 1869இல்தான் ஜெர்மனில் அச்சேறியது. 18ஆம் நூற்றாண்டுப் பாத்திரத்துக்கு அதை யோசிக்காமல் ஒட்டினால் தேர்வாளர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். அக்காலச் சொல்லையே எடுத்து, அதை யார், எங்கே பயன்படுத்தினார்கள் என்று காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பை நம்பி இந்தத் துறையில் காலெடுத்து வைக்க முடியாது. தமிழில் 'போனேன்' என்றால் சொன்னவர் ஆணா பெண்ணா தெரியாது. பிரெஞ்சில் அதையே 'ழ சுவி அலே' என்று எழுதும்போது பெண்ணானால் கடைசியில் ஓர் எழுத்து கூடும். காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு மட்டும் தெரியும். 'பாசே சேம்ப்ள்' என்ற இறந்தகால வடிவத்தில் அந்த அடையாளமே விழாது. ஆன் கரெத்தா 1986இல் எழுதிய 'ஸ்ஃபேங்ஸ்' நாவலில் காதலர் இருவரின் பாலும் வெளிப்படாமல் இருப்பதற்கு இத்தகைய காலத் தேர்வும் ஒரு காரணம்.

பிரான்சு தேசிய நூலகத்தில், ஒழுக்கத்துக்குக் கேடு எனப் பிரித்துவைத்த நூல்களின் தொகுப்புக்குப் பெயரே 'நரகம்'. பயணச்சீட்டு எடுக்குமுன் அந்த நூலகத்தின் எண்ணிமத் தளமான காலிக்காவில் தேடுங்கள். எண்ணிமப் படி இருந்தால் மூலத்தைக் கேட்க வலுவான காரணம் வேண்டும்: தாள், கட்டுமானம், ஓரக்குறிப்பு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நேர்காணலோடு மாதிரி வகுப்பும் எடுக்கச் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் மொழி வகுப்புதான், அதை அலட்சியம் செய்து வேலையை இழப்பவர்கள் உண்டு. வேலை கிடைத்தபின், நிரந்தரமாக்குவதா என்ற முடிவு வழக்கமாக ஆறாம் ஆண்டில்; அதில் வெளியான நூலும் கணக்கில் வரும். பதிப்பகத்தின் மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஆய்வேட்டை நூலாக்கும் வேலையை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். முதலில் வெட்ட வேண்டியது, முந்தைய ஆய்வுகளை வரிசையாக அடுக்கும் அத்தியாயம்.