பட்டியலில் எழுதாத அதிகாரம் உண்டா என்று பார்ப்பது எப்படி?

மாநிலச் சட்டம் ஒன்று செல்லுமா என்று மாணவர்கள் கேட்டு வந்தால், தீர்ப்புகளை ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவேன். முதலில் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறக்க வேண்டும்; மத்திய அரசும் மாநிலங்களும் எதெதில் சட்டம் போடலாம் என்ற பட்டியல்கள் அதில்தான் உள்ளன. அந்தச் சட்டத்துக்கு ஆதாரமான பதிவை, அதாவது பட்டியலின் எண்ணிட்ட வரியை, பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் சொற்கள்தான் இருக்கும். அதற்குள் எவ்வளவு அடங்கும் என்பதுதான் கேள்வியே.

அந்தச் சொற்களைத் தாராளமாக வாசியுங்கள். ஒரு பொதுச்சொல்லுக்குள் நியாயமாக அடங்கும் துணை விஷயங்களும் அதிலேயே சேர்ந்தவை என்று 1940-இல் ஆத்திகா பேகம் வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்பிருந்த ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. விற்பனை வரி போடும் அதிகாரம் இருந்தால், கணக்கு வைக்கச் சொல்லலாம், ஏய்ப்பைத் தடுக்கச் சோதனை போடலாம், அபராதமும் விதிக்கலாம். இவை எதுவும் பட்டியலில் எழுதியிருக்காது.

ஆனால் வரிக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. வரி போடத் தனிப் பதிவே வேண்டும், வேறொரு பதிவிலிருந்து இழுத்துக்கொள்ள முடியாது. 1958-இல் சுந்தரராமையர் வழக்கு இதை உறுதிசெய்தது.

சரி, இப்படிப் பதிவோடு சேர்ந்து வரும் துணை அதிகாரம் எங்கே நிற்கும்? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 1964-இல் வந்த அப்துல் காதர் வழக்கை எடுங்கள். ஐதராபாத்தில் வெற்றிலை வியாபாரிகள் விற்பனை வரி என்று சொல்லி வாங்கியவர்களிடம் பணம் வசூலித்தார்கள், அரசுக்குக் கட்டவில்லை. வரியென்று வசூலித்தது எதுவானாலும், சட்டப்படி அது வரியே இல்லையென்றாலும், அரசிடம் கட்டிவிட வேண்டும் என்றது அங்கிருந்த விற்பனை வரிச் சட்டத்தின் 11(2) பிரிவு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரி வசூலுக்கு உதவுவது துணை அதிகாரம். வரியல்லாத பணத்தை அரசு எடுத்துக்கொள்வது வரி வசூலுக்கு உதவுவதாகாது.

படித்த நாளில் எனக்கு இது முழுக்கச் சரியாகப் பட்டது. பிறகுதான் உறுத்தியது: அந்தப் பணம் கொடுத்தவர்களுக்கும் போகாது, வியாபாரியிடமே தங்கிவிடுமே! 1977-இல் அஜித் மில்ஸ் வழக்கில், முறைகேடாக வசூலித்ததைப் பறிமுதல் செய்யும் விதியை ஏழு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அது தவறான வசூலுக்குத் தண்டனை என்பதால் துணை அதிகாரத்துக்குள் வந்தது.

இரண்டிலும் பேச்சு ஒரே மாதிரிப் பணத்தைப் பற்றித்தான். விதி எந்த வேலையைச் செய்கிறது என்பது வேறு. இரண்டு தீர்ப்புகளையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வாசியுங்கள், 1964-ஐ முதலில். மாநிலப் பட்டியலில் விற்பனை வரிக்கான பதிவு 54-ஐ 2016-இல் திருத்திவிட்டார்கள், அதனால் பழைய வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.